மாம்பழம் எங்கிருந்து வந்துச்சு? (பிஹெச்பி பொட்டி தட்டும் மக்களுக்கு மட்டும்)

எங்க காரைக்கால்ல ஆனி பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. கதை தெரியும்தானே? ரெண்டு பழத்துல ஒண்ணு சிவனடியாருக்குப் போயிடுது. பரமதத்தன் ரெண்டாவதும் கேட்க, புனிதவதியார் வேண்டினதும் கையில பழம் வருது. தின்னுட்டு அவன் கேட்டான், "இது எங்கிருந்து வந்துச்சு?" நியாயமான கேள்வி மக்கா. (அப்புறம் அவன் கப்பலேறி ஓடினது வேற கதை.)

பிஹெச்பியில __கெட் பண்றதும் இதேதான். கிளாஸ்ல அப்படி ஒரு ப்ராப்பர்ட்டியே எழுதியிருக்காது, கேட்டா கைக்கு வரும். எங்கிருந்துன்னு எழுதின ஆளுக்குத் தெரியும். ஆறு மாசம் போனா அவருக்கும் மறந்துடும்.

நம்மள்ல பாதிப் பேர் வேர்ட்பிரஸ்ல எழுதறோம். அதுல டபிள்யூபி_யூசர் கிளாஸைத் திறந்து பாருங்க. 'நிக்நேம்' முதலான பல சமாச்சாரங்கள் __கெட் வழியா யூசர் மெட்டா டேபிள்ல இருந்துதான் வருது. ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து தப்பா அடிங்க. எர்ரர் வராது, வார்னிங் வராது, ஒரு வெத்து ஸ்ட்ரிங் வரும். அரை நாள் போச்சு. ஆனா வேர்ட்பிரஸ்காரங்க கிளாஸ் தலையிலேயே @ப்ராப்பர்ட்டின்னு வரிசையா பேரும் டைப்பும் எழுதி வச்சிருக்காங்க. எடிட்டர் அதைப் படிச்சு பேரை எடுத்துக் கொடுக்கும். பிஹெச்பிஸ்டான் மாதிரி கருவிகள் தப்பான பேரைப் பிடிச்சுக் கொடுக்கும். செலவு? ப்ராப்பர்ட்டிக்கு ஒரு வரி.

"2022 டிசம்பர்ல வந்த 8.2-லயே டைனமிக் ப்ராப்பர்ட்டியை டெப்ரிகேட் பண்ணிட்டாங்களே, இன்னும் என்ன பேச்சு?"ம்பாங்க சில அண்ணாச்சிங்க. அது, அறிவிக்காத ப்ராப்பர்ட்டியில நேரடியா மதிப்பைப் போட்டா மட்டும்தான் கத்தும். __கெட், __செட் வச்ச கிளாஸை அது கண்டுக்கறதே இல்லை.

"குறிப்பு பழசாயிடும், கோடே போதும்"ங்கறது இன்னொரு சாக்கு. எந்தக் கோடு சாமி? பேரே கோடுல இல்லை, டேட்டாபேஸ்ல காலமா இருக்கு! லாராவெல் எலோக்வென்ட் ஆசாமிகளுக்கு இந்தச் சாக்கும் கிடையாது. ஐடிஇ-ஹெல்பர் டேபிளைப் பார்த்து @ப்ராப்பர்ட்டி வரிகளைத் தானே எழுதிக் கொடுக்குது. காலம் மாறினா திரும்ப ஓட்டுங்க.

பேரெல்லாம் முன்னாடியே தெரியும்னா __கெட்டே எதுக்கு? ஒழுங்கா டிக்ளேர் பண்ணுங்க. கணக்குப் போட்டுத்தான் தரணும்னா 2024-ல வந்த 8.4-ல ப்ராப்பர்ட்டி ஹுக் இருக்கு. வேற வழியில்லாம __கெட் வச்சா, படிக்க மட்டும் உள்ளதை @ப்ராப்பர்ட்டி-ரீட்னு பிரிச்சு எழுதுங்க.

டிஸ்கி: பின்னூட்டத்துல கும்ம வர்றவங்க, உங்க கிளாஸ் தலையில இருக்கிற நாலு வரியையும் சேர்த்து ஒட்டிட்டு அப்புறம் கும்மவும்.