காலடியை மூடிவிட்டு வாருங்கள்!

முழங்கால் ஆழப் பனியில் கால் புதைந்துவிட்டது. என்ன செய்வீர்கள்? காலை உருவிக்கொண்டு நடையைக் கட்டுவீர்கள், இல்லையா? அன்டார்க்டிகாவில் அது நடக்காது. திரும்பி நின்று, உங்கள் கால் போட்ட குழியைப் பனியால் நிரப்பி மூடிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும். பின்னால் வரும் பென்குயின் அதில் விழுந்துவிட்டால், அந்தக் குட்டைக் கால்களை வைத்துக்கொண்டு மேலே ஏறி வருவது பெரும்பாடு.

இந்த வெள்ளைக் கண்டத்துக்குப் போகும் கப்பல்களில் பெரும்பாலானவை அர்ஜென்டினாவின் தென்கோடி நகரமான உசுவாயாவிலிருந்து கிளம்புகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். அங்கே அதுதான் கோடைக்காலம்.

முதல் இரண்டு நாள் ட்ரேக் நீரிணையைக் கடக்க வேண்டும். உலகின் முரட்டுக் கடல்களில் ஒன்று அது. அமைதியாக இருந்தால் ‘ட்ரேக் லேக்’, ஆட்டிவைத்தால் ‘ட்ரேக் ஷேக்’ என்று கப்பல்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள். ‘ஷேக்’ வாய்த்தவர்களுக்குச் சாப்பாட்டு மேஜைப் பக்கமே போகத் தோன்றாது. ஆனால், முதல் பனிமலை கடலில் மிதந்து வருவதைப் பார்த்ததும் பட்ட அவஸ்தையெல்லாம் மறந்துபோகும்.

கப்பல் போய் நிற்கத் துறைமுகம் கிடையாது. கரைக்கு ரப்பர் படகில்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. பையின் மூலைமுடுக்கு, ஜாக்கெட்டின் வெல்க்ரோ என எல்லாவற்றையும் வாக்குவம் க்ளீனரால் சுத்தம் செய்ய வேண்டும். ஊரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு புல் விதைகூட அந்த மண்ணில் விழக் கூடாது. பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும், போகும்போதும், திரும்பும்போதும்.

ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் ஓர் இடத்தில் இறங்கக் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவந்த கப்பல் என்றால், யாருமே இறங்க முடியாது. கப்பலில் இருந்தபடி பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது குறுக்கே வந்தால் நாம்தான் வழிவிட வேண்டும். நினைவாக ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவர முடியாது. ஜென்டூ பென்குயின் கூடு கட்டுவதே அந்தக் கல்லால்தான். பக்கத்துக் கூட்டிலிருந்து கல்லைத் திருடும் பென்குயின்கள் உண்டு. அந்தச் சலுகை அவற்றுக்கு மட்டும்தான்! பறவைக் காய்ச்சல் பயத்தால் தரையில் உட்காரவும், பையை வைக்கவும்கூடத் தடை. அந்தப் பயம் வீண்போகவில்லை. 2024 பிப்ரவரியில் அன்டார்க்டிகாவின் பெருநிலத்திலும் அந்த வைரஸ் உறுதிசெய்யப்பட்டது.

இவ்வளவு கவனமாக நடந்துகொண்டாலும், நம்மால் மூட முடியாத காலடி ஒன்று இருக்கிறது. அது, எரிபொருள் புகை.

கப்பல் முதலானவை கக்கும் புகையிலுள்ள கரித்துகள் பனிமேல் படிகிறது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுத்த பனி அதை உறிஞ்சிக்கொண்டு சீக்கிரம் உருகும். 2016 முதல் 2020 வரை அங்கே போன ஒவ்வொரு சுற்றுலாப் பயணியாலும் சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகியிருக்கும் என்று 2022-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு ஆளுக்கு 83 டன்!

1966-ல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை அழைத்துப்போய் இந்த வகைப் பயணத்தைத் தொடங்கிவைத்தார். 2023-24 சீசனில் போனவர்களோ 1 லட்சத்துக்கும் மேல். ‘எல்லாம் உருகுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாமே’ என்று கிளம்புகிறவர்களும் இவர்களில் உண்டு. நாம் பார்க்கப் போவதே அது உருக ஒரு காரணம் என்றால், என்ன செய்வது?

போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பல வருடங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கிளம்புகிறவர்களின் ஆசையில் மண்ணள்ளிப் போட எனக்கு மனசில்லை. ஆனால், டிக்கெட் எடுக்கும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். கப்பலில் மொத்தம் எத்தனை பேர்? கரையில் எத்தனை முறை இறக்குவார்கள்? என்ன எரிபொருள்? புகையைக் குறைக்க என்ன செய்கிறார்கள்? அவசரத்துக்கு ஊர் திரும்பும் செலவையும் ஏற்கும் மருத்துவக் காப்பீடு எடுத்தாகிவிட்டதா? பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து கடல் தாண்டித்தான் இருக்கிறது.

இன்னொன்று: ‘லட்சக்கணக்கில் கட்டியிருக்கிறேன், இறக்கிவிட்டே ஆக வேண்டும்’ என்று அங்கே சண்டை போட முடியாது. காற்றும் பனியும் இடம் கொடுத்தால்தான் இறங்கலாம். அதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

போனால் ஒரே ஒரு முறை போங்கள். கண் நிறையப் பார்த்துவிட்டு, குழியை மூடிவிட்டு வாருங்கள். அடுத்த நாள் அந்த வழியே வரும் பென்குயினுக்கு, நீங்கள் வந்துபோனதே தெரியக் கூடாது.