இரவில் கட்டும் பாலம்

மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்கு வருகிறவர்கள் பரதேசி சினகாக்கைப் பார்க்காமல் போவதில்லை. 1568இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடம். உள்ளே நுழையும் முன் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், நம் ஊர்க் கோயில் போலவே. தரை முழுக்க நீலமும் வெள்ளையுமாகச் சதுர ஓடுகள். 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவை. கையால் வரைந்த ஓடுகள் என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்று சொல்வார்கள். சுற்றுலாப் பயணிகள் குனிந்து குனிந்து பார்ப்பார்கள்.

போன மாதம் நானும் குனிந்துகொண்டுதான் இருந்தேன். ஓடுகளுக்காக இல்லை. அவற்றின் மேல் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் தாவிக்கொண்டிருந்த என் மகளின் வலது பாதத்துக்காக. குதிகால் தரையில் படிகிறதா, இல்லையா?

படிந்தது. அவளுக்கு இப்போது நாலு வயது, நாலு மாதம்.

குழந்தைகளின் பாதத்தையே பார்க்கிற இந்த வியாதி அவள் பிறந்த அன்று எனக்குத் தொற்றியது. நர்ஸ் குழந்தையைக் கையில் கொடுத்தபோது துணியைக் கால்வரை இழுத்து மூடியிருந்தார். விலக்கிப் பார்த்தேன். வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, நுனி கீழ்நோக்கி வளைந்து, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாக்கி மட்டையின் நுனி போல. டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கிளப் ஃபுட். தமிழில் பிறவி வளைபாதம் என்கிறார்கள்.

திருநெல்வேலியிலிருந்து அத்தை போன் செய்தார். முதல் கேள்வியே, "கிரகணத்தன்னைக்கு இவ வெளியே கிளியே வந்தாளா?" என்பதுதான். அத்தையிடம் துவேஷம் கிடையாது. அவருக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். ஆனால் போனை வைத்த பிறகு, பிரசவித்து மூன்று நாளே ஆன என் மனைவி பழைய காலண்டரை எடுத்துவரச் சொன்னாள்.

கால் கோணினால் யார் செய்த பாவம் என்று தேடுவது இந்த ஊருக்கும் புதிதல்ல. யானைக்கால் நோய்க்கு வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர்களில் ஒன்று 'கொச்சின் கால்'. இன்னொன்று 'புனித தோமையார் கால்'. தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததிக்குக் கிடைத்த சாபம் என்று கதை கட்டியிருந்தார்கள். பிறகுதான் அது கொசு செய்யும் வேலை என்று தெரிந்தது. வளைபாதத்துக்குக் கொசுகூடக் காரணம் இல்லை. கருவிலேயே காலின் பின்புறத்திலும் உள்புறத்திலும் உள்ள தசைநாண்கள் இறுகிக் குட்டையாகி, பாதத்தை உள்ளே இழுத்துவிடுகின்றன. பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. மற்றபடி பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. தாய் சாப்பிட்டதும் நடந்ததும் படுத்ததும் காரணமல்ல. கிரகணம் நிச்சயமாகக் காரணமல்ல.

சுமாராக ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. இந்தியாவில் பிறக்கிற குழந்தைகளின் எண்ணிக்கைக்கு, ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேல். பெண்களைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரண்டு காலிலும். இவ்வளவு பேரா என்று நீங்கள் ஆச்சரியப்படலாம். நானும் பட்டேன். சரிசெய்யப்பட்ட கால் கண்ணில் படுவதில்லை. சரிசெய்யப்படாதது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது.

எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது சரியாகும். ஆனால் நான் செய்வது கால்வாசி வேலை, மீதி உங்களுடையது" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் கையாண்ட முறைக்கு இக்னாசியோ பொன்செட்டி என்பவரின் பெயர். கேட்டால் காரைக்குடிக்காரர் போலிருக்கிறது. ஆனால் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் 1914 ஜூன் 3ஆம் தேதி பிறந்தவர். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகன். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, தோற்ற தரப்பில் இருந்ததால் நாட்டைவிட்டுத் தப்பி, பிரான்ஸ், மெக்சிகோ என்று அலைந்து, 1941இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே வளைபாதத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பழைய நோயாளிகளின் கால்களை ஆராய்ந்தார். பாதம் நேராகியிருந்தது. ஆனால் விறைத்துப்போய் வலித்தது. பிறந்த குழந்தையின் பாத எலும்புகள் பெரும்பாலும் குருத்தெலும்பு. அதை வெட்டுவானேன், மெல்லத் திருப்பினால் திரும்பாதா என்று யோசித்தார். 1963இல் தன் முடிவுகளை வெளியிட்டார். டாக்டர்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. 1990களின் பிற்பகுதியில்தான் பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினார்கள். பொன்செட்டி 2009இல் தமது 95வது வயதில் காலமானார். அவர் பிறந்த தினம்தான் இன்று உலக வளைபாத தினம்.

முறை இதுதான். டாக்டர் பாதத்தை விரல்களால் மெதுவாக வெளிப்பக்கம் திருப்பி, திரும்பிய அளவில் நிறுத்தி, விரல் நுனியிலிருந்து தொடைவரை மாவுக்கட்டுப் போடுவார். முழங்கால் மடங்கியபடி இருக்கும். ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. பெரும்பாலும் ஐந்தாறு கட்டில் பாதம் திரும்பிவிடும். எங்களுக்கு ஆறு.

அவள் பிறந்தது மே மாதக் கடைசியில். முதல் கட்டுப் போட்டபோது கொச்சியில் மழை பிடித்துக்கொண்டது. மாவுக்கட்டு நனையக் கூடாது. கொச்சி மழைக்கு அது தெரியாது. ஜூ டவுன் தெருவில் சுக்கு, மிளகு மண்டிகள் உண்டு. அங்கே மூட்டை தூக்கும் ஒருவர் நாங்கள் குழந்தையோடு பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்துவிட்டு, சாக்குக்குள் போடுகிற தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "சுக்கு நனையாது. இதுவும் நனையாது" என்றார். ஆறு வாரம் எங்கள் மகள் சுக்கு வாசனையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கட்டுப் போட்ட வாரங்களில் பெற்றோருக்கு முக்கியமான வேலை ஒன்று உண்டு. கட்டின் நுனியில் தெரிகிற விரல்களை அடிக்கடி பார்க்க வேண்டும். லேசாக அழுத்திவிட்டால் வெளுத்து, உடனே சிவக்க வேண்டும். நீலம் பாய்ந்தாலோ, வீங்கினாலோ, விரல்கள் கட்டுக்குள் போய் மறைந்தாலோ ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என் மனைவி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பாள்.

பாதம் திரும்பிய பிறகும் குதிகால் மேலேயே தூக்கி நிற்கும். பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணை ஒரு சின்னக் கீறலில் துண்டிக்க வேண்டியிருக்கிறது. கேட்க பயங்கரம். செய்து முடிக்கச் சில நிமிடம். அந்தப் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிடுகிறார்கள். மூன்று வாரம் கடைசிக் கட்டு. அதற்குள் நாண் சற்று நீளமாக வளர்ந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த நாணுக்கு ஆங்கிலத்தில் அக்கிலிஸ் பெயர். கிரேக்கக் கதையில், மகனைச் சாவில்லாதவனாக்க அவன் தாய் குதிகாலைப் பிடித்து ஆற்றில் முக்கினாள். அவள் கை பிடித்த இடம் மட்டும் நனையவில்லை. அம்பு அங்கேதான் பாய்ந்தது.

கடைசிக் கட்டைப் பிரித்த அன்று பாதம் அழகாக இருந்தது. இனிப்பு வாங்கினேன். டாக்டர் சொன்ன மீதி வேலை அன்றைக்குத்தான் ஆரம்பம் என்று எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு ஷூக்கள். நடுவே தோள் அகலத்துக்கு ஒரு கம்பி. கோணிய கால் அறுபது எழுபது டிகிரி வெளியே திரும்பியும், நல்ல கால் அதில் பாதியளவு திரும்பியும் நிற்கும். முதல் மூன்று மாதம் நாளைக்கு 23 மணி நேரம். அதன் பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலும், நாலைந்து வயதுவரை. கட்டுகள் பாதத்தைத் திருப்பின. இந்தக் கம்பி அதைத் திருப்பியபடி நிறுத்தி வைக்கிறது. கருவில் பாதத்தை இழுத்த அதே விசை, குழந்தை வேகமாக வளரும் இந்த ஆண்டுகளிலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். எங்கள் தெருவில் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் அந்தச் சாதனத்தைப் பார்த்துவிட்டு, டச்சுக்காரர் காலத்துச் சாமானா என்று விசாரித்தார். விலை கேட்காதது ஒன்றுதான் பாக்கி.

இனி நான் சொல்லப்போவது என் தப்பு.

அவளுக்குப் பதினாறு மாதம். நடக்கிறாள், ஓடப் பார்க்கிறாள். இரவு பதினொரு மணிக்கு எழுந்து கம்பியோடு கட்டிலை உதைத்து அழுவாள். மனைவி பகல் முழுக்க அல்லாடிவிட்டு அசந்து தூங்குவாள். நான் வாரை அவிழ்த்துவிட்டேன். குழந்தை இரண்டு காலையும் நீட்டி ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனாள். விடியும் முன் திரும்ப மாட்டிவிட்டேன். ஒரு நாள்தானே. அடுத்த நாளும் ஒரு நாள்தான். கால்தான் நேராக இருக்கிறதே, எதற்கு இந்தச் சித்திரவதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமூச்சுக்கு அடிமையாகிவிட்டேன் என்பதுதான் உண்மை. ஏழு வாரம் இப்படிப் போயிற்று.

ஒரு நாள் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடினாள். சிவப்புச் சிமென்ட் தரையில் தடம் விழுந்தது. இடது கால் முழுசாக. வலது காலில் முன்பாதி மட்டும். மனைவி அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "ராத்திரி எத்தனை மணி நேரம் போடறீங்க?" என்றார்.

"பன்னிரண்டு மணி நேரம் டாக்டர். ஒரு நாள்கூட விட்டதில்லை" என்றாள் மனைவி.

"இல்லை" என்றேன் நான்.

சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. "நிறைய அப்பாக்கள் செய்வதுதான். ஆனால் நாங்கள் அம்மாக்களைத்தான் திட்டுவோம்" என்றார். மறுபடி மூன்று மாவுக்கட்டு. பஸ்ஸில் மனைவி பேசவில்லை. தோப்பும்படிப் பாலம் தாண்டும்போது, வெளியே பார்த்தபடி, "கிரகணம் என்னைக்குன்னு நான் எத்தனை ராத்திரி காலண்டரைப் புரட்டினேன் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். அதற்குமேல் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

வளைபாதம் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் கம்பியைக் கழற்றிவிடுவதுதான் என்று உலகெங்கும் டாக்டர்கள் சொல்கிறார்கள். கழற்றுகிறவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. பிரியம் தாங்காதவர்கள். அக்கிலிஸின் தாயும் பிரியத்தில்தான் பிடித்தாள்.

இதைப் படிப்பவர்கள் யார் வீட்டிலாவது இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். முதல் சில வாரங்களிலேயே தொடங்குவது நல்லது. பிந்தினாலும் கைவிட வேண்டாம். நடக்கத் தொடங்கிவிட்ட குழந்தைக்கும் இந்த முறை பலன் தருகிறது. பணமில்லை என்று தயங்க வேண்டாம். 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) வளைபாதமும் சேர்ந்திருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி எலும்பு சிகிச்சைப் பிரிவிலோ விசாரியுங்கள். பல மாநிலங்களில் வாரத்தில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பாதமும் வளைந்து பிறந்த கிறிஸ்டி யமகுச்சி, 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நடனத்தில் தங்கம் வாங்கினார் என்பதையும் அத்தைகளிடம் சொல்லி வைக்கலாம்.

கம்பி விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். பருத்தி சாக்ஸ். முதலில் நடு வாரை இறுக்க வேண்டும், அதுதான் குதிகாலைக் கீழே அமர்த்துகிறது. அழுகையில் முதலில் பார்க்க வேண்டியது தோல் சிவந்திருக்கிறதா என்று. கொப்புளம் கண்டால் டாக்டர். ஒன்றும் இல்லையென்றால் தூக்கிக்கொண்டு நடக்கலாம், கதை சொல்லலாம். பேரம் பேசக் கூடாது. பல் தேய்ப்பது போல, தூக்கம் என்றால் கம்பியும் உண்டு என்று குழந்தைக்குப் பழகிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் பொம்மைக்கும் ஐஸ்கிரீம் குச்சியில் ஒரு கம்பி உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தாண்டுவதாலோ என்னவோ, மகள் அதற்குப் பாலம் என்று பெயர் வைத்திருக்கிறாள். அவளுக்கு ஐந்து வயது முடிய இன்னும் எட்டு மாதம்.

சினகாக்குக்குப் போய்வந்த அன்று இரவு அவளே பாலத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். நடு வாரை இறுக்கினேன். குதிகால் அமர்ந்தது.

"அப்பா, நான் அழுதா கழட்டுவியா?"

"மாட்டேன்" என்றேன்.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.