2,645 யோசனைகள்

சிக்கந்தராபாத்தின் லாலாகுடாவில் 1893-ஆம் ஆண்டு, நிஜாம் கால இரயில் நிறுவனம் ஒரு பணிமனையை நிறுவியது. இன்று தென் மத்திய இரயில்வேயின் கீழ்ப் பயணிகள் பெட்டிகளைச் செப்பனிடும் இடம் அது. எந்த மறையாணி எந்த மூலையில் இறுகிக்கொள்ளும் என்பதை வரைபடம் சொல்லாது. ஆண்டுக்கணக்கில் அங்கே நின்று வேலை செய்த பிட்டருக்கே அது தெரியும்.

இத்தகைய அறிவைத் திரட்டவே 2018 செப்டம்பரில் இரயில்வே அமைச்சகம் ஊழியர்களுக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. அதில் 2,645 யோசனைகள் குவிந்தன. வாரியத்தின் குழு அவற்றை ஆராய்ந்து 20-ஐத் தெரிந்தெடுத்தது. மின்சாரமின்றி நீரைக் குளிர்விக்கும் அமைப்பும், இரயில் புறப்படுமுன் பயணிகளை மணியடித்து எச்சரிக்கும் ஏற்பாடும் அவற்றுள் அடங்கும். அவற்றைச் செயற்படுத்துமாறு மண்டலங்களுக்கு அறிவுறுத்தல் சென்றது 2020 மே மாதத்தில்.

தேர்ந்த 20 பற்றிப் பேசுவது எளிது. எஞ்சிய 2,625 பற்றித்தான் ஆய்வாளர்கள் கேட்க வேண்டும். அவையனைத்தும் பயனற்றவையாக இருந்திருக்க இயலாது. ஒரு பணிமனைக்கு மட்டும் பொருந்தும் சிறு திருத்தம், நாடு தழுவிய போட்டியில் இயல்பாகவே தோற்கும். ஆனால் அந்தப் பணிமனையில் அது நாள்தோறும் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தக்கூடும். ஒருவரின் முதுகுவலியையும் குறைக்கக்கூடும்.

மையப்படுத்தலுக்கு நியாயமே இல்லை என்பதல்ல. பெட்டியின் வடிவமைப்பில் கைவைப்பது பயணிகளின் உயிரோடு தொடர்புடையது. அதனை இலக்னோவிலுள்ள ஆய்வு, வடிவமைப்பு, தர நிர்ணய அமைப்பு பரிசீலிப்பதே முறை. கனமான உதிரிபாகத்தைத் தள்ளிச் செல்லும் வண்டியின் உயரத்தை மாற்றவும் தில்லி வரை செல்ல வேண்டுமா? டொயோட்டா 1951-இல் தொடங்கிய யோசனைத் திட்டம் நீடித்ததற்கு, சிறு திருத்தங்களையும் பணித்தளத்திலேயே மதித்து ஏற்ற வழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று: இணையவாயில் எழுத்தைக் கேட்கிறது. கையால் சிந்திப்பவர் தம் யோசனையைச் செய்துதான் காட்டுவார். படிவத்தில் இருநூறு சொற்களாக்கச் சொன்னால் பேனா பிடித்தவரே முந்துவார். (பல்கலைக்கழகங்களிலும் நிலைமை வேறல்ல, ஆய்வகத் தொழில்நுட்பரின் பெயர் காப்புரிமை விண்ணப்பத்தில் எத்தனை முறை இடம்பெறுகிறது?)

ஆகவே வடிவமைப்பு சார்ந்தவை மட்டும் மேலே செல்லட்டும். வேலைமுறை சார்ந்தவற்றைப் பணிமனையே, யோசனை சொன்னவரை அருகில் நிறுத்தி, ஒரு மாதத்துக்குள் சோதித்துப் பார்க்கட்டும். ஏற்காவிடில் அதற்கான காரணத்தை அவருடைய தாய்மொழியில் எழுதித் தரட்டும். லாலாகுடாவில் அது பெரும்பாலும் தெலுங்காக இருக்கும்.