கியர் மாற்ற வேண்டியது எப்போது?

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே இன்ஜினை அலறவிட வேண்டும் என்பது நண்பர்கள் பலரின் எண்ணம். 1999-இல் ஜப்பானின் ஹோண்டா வெளியிட்ட எஸ்2000 காரின் இன்ஜின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 9000 சுற்றுவரை சுழலும். முழு ஆற்றலும் 8300 சுற்றில்தான் கிட்டும். ஆனால் அன்றாடம் வேலைக்குப் போய்வர அவ்வளவும் எதற்கு? சமதளச் சாலையில் சுமார் 3000 சுற்றிலேயே மேல் கியருக்கு மாற்றலாம், பெட்ரோல் மிச்சமாகும். அதற்காக மேட்டிலும் மேல் கியரிலேயே இழுத்தால் இன்ஜின் திணறும்.

லாரி ஓட்டும் என் தந்தையார் எட்டாம் வகுப்போடு நின்றவர். மீட்டரைப் பாராமல், இன்ஜின் முனகுமுன்பே கியரைக் குறைப்பார். முறுக்குவிசை என்று நான் ஏட்டில் படிப்பதை அவர் காதால் படித்திருக்கிறார். வலிமை, காட்டுவதற்கன்று, வேண்டும்போது எடுப்பதற்கே என்பேன்.