கந்தகமும் கன்னித்தமிழும்

கெடாரிலிருந்து தமிழ்வழி பயின்று வந்த வேதியியல் மாணவர் ஒருவரிடம், அவர்தம் பாடத்திலுள்ள 'தேர்ந்த ஆக்சிசனேற்றம்' யாது என வினவினோம். ஆங்கில வரையறையைப் பிழையின்றி ஒப்பித்தார். பொருள் கேட்டதும் தலை குனிந்தார். குறை அவருடையதன்று, நம்முடையது.

அப்பொருள் அவர் வீட்டுச் சமையற்கட்டிலேயே உள்ளது. பூண்டிலுள்ள அல்லின் என்னும் சேர்மத்தில், கந்தக அணு ஓர் ஆக்சிசனை மட்டும் ஏற்று நிற்கிறது, இரண்டாவதை ஏற்பதில்லை. உலையும் நஞ்சும் இன்றிச் செடியின் நொதியே இதனைச் செய்கிறது. சல்பைடு ஓர் ஆக்சிசன் ஏற்றால் சல்பாக்சைடு; இரண்டு ஏற்றால் சல்போன். வயிற்றுப் புண்ணுக்கு உண்ணும் ஒமிப்பிரசோல் ஒரு சல்பாக்சைடு. அதில் இன்னோர் ஆக்சிசன் ஏறிவிட்டால் அது நீக்க வேண்டிய மாசு. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கு அணுவளவிலும் மெய்யாகிறது.

இவ்வினையை முடித்துவைக்கும் வினையூக்கியும் மண்ணைக் கெடுக்காததாக இருத்தல் வேண்டும். குரோமியம் நிலத்தடி நீரில் கலந்தால் என்னாகும் என்பதை இராணிப்பேட்டை பட்டறிந்துள்ளது. ஆகவே இரும்பு போன்ற எளிய உலோகங்களையும், வினை முடிந்தபின் நீரை மட்டுமே எச்சமாக விடும் ஐதரசன் பெராக்சைடையும் அறிஞர் நாடுகின்றனர். இத்துறையில் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் முன்னரே உழைத்துள்ளனர். சல்பைடுகளின் ஆக்சிசனேற்றத்தை 1995இல் மாங்கனீசுச் சேர்மங்களைக் கொண்டும், 2000இல் குரோமியச் சேர்மங்களைக் கொண்டும், 2002இல் நொதியை ஒத்த இரும்புச் சேர்மங்களைக் கொண்டும் விளக்கி, அயல்நாட்டு ஆய்விதழ்களில் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். வைகைக் கரையில் விளைந்த அவ்வறிவு கெடார் மாணவருக்குத் தமிழில் எட்டவில்லை.

"கலைச்சொல் ஆக்குவது அறிவியலார் பணியன்றோ?" எனத் தமிழாசிரியர் சிலர் வினவலாம். பொருளை அவர் அறிவர். சொல்லை நாம் அறிவோம். இருவரும் ஒருங்கே அமர்ந்தாலன்றி இப்பணி நிறைவேறாது. எல்லாச் சொல்லையும் தமிழாக்கியே தீருவோம் என்னும் பிடிவாதமும் வேண்டா. வினையூக்கி என்பது நம் சொல்லாக நிலைத்துவிட்டது. சல்பாக்சைடு அவ்வாறே இருக்கட்டும். ஏற்பதிலும் தேர்வு வேண்டும் என்பதைப் பூண்டுச் செடியே நமக்குக் கற்பிக்கிறதே!

எனவே, ஆண்டுதோறும் வேதியியல் துறையின் ஆய்வுக் கட்டுரை ஒன்றேனும், இரு துறையாரும் கூடி எழுதிய எளிய தமிழில் இம்மலரில் இடம்பெற வேண்டுமென விழைகின்றோம். பெரியோர் இதற்குத் துணைநிற்பாராக. அடுத்த மலரை அம்மாணவர் கையில் தரும்போது, அவர் தலை நிமிர்ந்து படிக்கட்டும்.