அம்மாவே ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகலாமா? குறுக்கே நிற்கும் பிளஸ் டூ குரூப்!

வேடசந்தூரில் இருந்து, பேச்சு வராத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்பீச் தெரபிக்குக் கிளம்பும் அம்மாவுக்குப் பெரும்பாலும் திண்டுக்கல் பஸ்தான் வழி. அங்கே பயிற்சி முக்கால் மணி நேரம் என்றால், போய் வர அரை நாள். நூற்பாலைக்கு வேலைக்குப் போகிறவர் என்றால் அன்றைய ஷிஃப்ட்டும் காலி, கூலியும் காலி.

சரி, மீதி நாளெல்லாம்? வீட்டில்தான் பயிற்சி. குளிக்க வைக்கும்போது "தண்ணி ஊத்தவா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். குழந்தையிடம் இருந்து ஒரு சைகையோ சத்தமோ வந்தால் அதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் காக்ளியர் இம்பிளாண்ட் வைத்த குழந்தைக்கும் இதே கதைதான். "மெஷின் வெச்சாச்சு, இனி பேசிடுவான்" என்று அக்கம்பக்கம் சொல்லும். கேட்டுப் பழகும் பயிற்சியே அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

இப்படி நாலைந்து வருஷம் பழகிய அம்மாக்களுக்கு, "நாமளே இதைப் படிச்சா என்ன?" என்று தோன்றுவது இயல்பு. முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சென்னையில் வித்யாசாகர் அமைப்பை 1985-ல் தொடங்கிய பூனம் நடராஜன், பெருமூளை வாதம் உள்ள மகனின் தாய். மகள் மாலினிக்காக லண்டன் போய்ப் படித்த மிது ஆலூர், 1972-ல் மும்பையில் சிறப்புப் பள்ளி ஆரம்பித்தார். காது கேளாத மகனை வளர்த்த லூயிஸ் டிரேசி, 1942-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் டிரேசி கிளினிக்கைத் தொடங்கி, பெற்றோருக்குத் தபாலிலேயே இலவசமாகப் பாடம் அனுப்பினார். ஆனால் ஒன்று, லூயிஸின் கணவர் ஹாலிவுட் நட்சத்திரம். வேடசந்தூர் அம்மாவுக்கு அந்த வசதி எங்கே?

இங்கே நிலைமை வேறு. ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக பி.ஏ.எஸ்.எல்.பி. படிக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து 4 வருஷம், முழுநேரம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் கட்டாயம். காமர்ஸ் குரூப் எடுத்தவருக்குக் கதவு அங்கேயே சாத்தப்படுகிறது. 15 வயதில் எடுத்த குரூப், 32 வயதில் வந்து வழிமறிக்கிறது. ஒரு வருட டிப்ளமோவும் உண்டு, அதுவும் அறிவியல் குரூப்பைத்தான் கேட்கும். படிக்காமல் சேவை செய்யலாமா என்றால், 1992-ம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

இந்தச் சட்டம் தப்பில்லை. தன் குழந்தையை நன்றாகத் தெரியும் என்பதால் எல்லாக் குழந்தையையும் தெரிந்துவிடாது. ஆட்டிசம், காது கேளாமை, திக்குவாய், அண்ணப்பிளவு ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குத் தவறாக ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். அனுபவத்தை மட்டும் வைத்து போர்டு மாட்டுவது ஆபத்து.

அதற்காக அந்த அனுபவத்தை வீணாக்க வேண்டுமா? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உள்ளூர்ப் பெண்கள்தான் வீடு வீடாகப் போகிறார்கள். பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தப் பட்டியலில் பேச்சுப் பயிற்சியையும் சேர்க்கலாமே! குரூப் பார்க்காமல், வார இறுதி வகுப்பாக, மாவட்டத்திலேயே ஓர் உதவியாளர் படிப்பு போதும். பதிவு பெற்ற தெரபிஸ்ட் குழந்தையைப் பரிசோதித்துத் திட்டம் எழுதித் தரட்டும், ஒன்றிய அளவில் உதவியாளர் அதை நடத்தட்டும்.

எல்லா அம்மாவும் இதற்கு வர வேண்டியதில்லை. தன் பிள்ளைக்கு மட்டும் அம்மாவாக இருக்கவே பலருக்கு நேரம் போதாது. வருகிறவர்களுக்கு "சேவை", "தாய்மை" என்று பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல் மாதச் சம்பளம் தர வேண்டும், மில் கூலியை விடக் குறையாமல்.