பரினெல்லி பாடிய பாட்டு

மேல்நாட்டு இசை வரலாற்றிலே துயரமான ஓர் அத்தியாயம் உண்டு. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில், இத்தாலியிலே நல்ல சாரீரம் படைத்த சிறுவர் பலரை, மகரக்கட்டு உடையுமுன்னரே அறுவையினால் ஆண்மை நீக்கினர். அவர்தம் குரல் இளங்குரலாகவே நிற்கும். நெஞ்சும் மூச்சும் ஆடவர்க்குரியனவாய் வளரும்.

அத்தகையோருள் தலைசிறந்தவர் பரினெல்லி (1705–1782). நேப்பிள்ஸ் நகரிலே அவருக்கு இசை பயிற்றிய ஆசான் பொர்ப்போரா, மாணவனின் மூச்சின் நீளத்தை நன்கறிந்து பாடல்கள் புனைந்தார். 1735இல் இலண்டனில் அரங்கேறிய ‘பொலிபேமோ’ என்னும் இசைநாடகத்திலே, அரக்கனால் மாண்டு அமரவாழ்வு பெற்ற ஏசிஸ், வானவர் கோனுக்கு நன்றி கூறும் பாடல் அவற்றுள் ஒன்று. அதிலே ஒரே சுரம் மெல்லென எழுந்து, பெருகி, மீண்டும் தேய்ந்தடங்கும்.

காலப்போக்கில் அக்கொடிய வழக்கம் ஒழிந்தது. அதன் கடைசிப் பாடகருள் ஒருவரான மொரெஸ்கியும் 1922இல் மறைந்தார். பொர்ப்போராவின் பாடல்கள் பலவும் ஏட்டிலே உறங்கின.

2013இல், பிரான்சு நாட்டுப் பாடகர் பிலிப் ஜரூஸ்கி அவற்றுட் சிலவற்றைப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். இவர் எவ்வித ஊனமும் செய்யப்படாதவர். பொய்க்குரலைப் பல்லாண்டு பயின்று பண்படுத்தியவர். பரினெல்லியின் குரலை இவராலும் மீட்டுத்தர இயலாது. அது அவரோடே போயிற்று. ஆயினும், ஒரு பிள்ளையின் உடலைச் சிதையாமலே அப்பாடலை உள்ளம் உருகப் பாடலாம் என்று காட்டிவிட்டார்.

பயிற்சியைக் கேட்கும் உரிமை ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உண்டு. பிள்ளையின் வாழ்வையே விலையாகக் கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை.